வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். சிறு வயதிலிருந்தே டாக்டராக வேண்டும் என்பாள். முதல் முறையாக நீட் எழுதித் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டாள். ஆனால் அரசுக் கல்லூரிக்கு எட்டாது என்கிறார்கள். உயிரியலில் நன்றாக வாங்கியிருக்கிறாள், இயற்பியலில்தான் சறுக்கிவிட்டது. நிர்வாக ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்த்தால் ஆண்டுக்கு 15 லட்சம் ஆகுமாம். வெளிநாடு என்றால் மொத்தமே 30 லட்சம்தான் என்கிறார் ஒரு முகவர். என் கணவர் மில்லில் மேற்பார்வையாளர். சம்பளம் 28 ஆயிரம்; ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள். சேமிப்பு 18 லட்சம், நகை 18 பவுன், மாமனார் கட்டிய வீடு ஒன்று. மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வீட்டை அடமானம் வைத்து 50 லட்சம் கடன் வாங்கு, டாக்டராகிவிட்டால் இரண்டே வருடத்தில் அடைத்துவிடுவாள் என்கிறார் என் அண்ணன். கணவர் எதுவும் பேசாமல் இருக்கிறார். மகளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்து அனுப்பிய கணக்குத் தாளைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். நாள்காட்டியில் கிழித்த தாள். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் கல்லூரிக் கட்டணம், விடுதி, அதற்குக் கீழே ஆரம், நெளி வளையல், தோடு என்று ஒவ்வொன்றும் எத்தனை பவுன் என்ற விவரம். நகையெல்லாம் சேர்த்து 14 லட்சம் தேறும் என்று எழுதி, அதன் கீழ் இரண்டு முறை கோடு போட்டிருக்கிறீர்கள். ஒரு தாய் எந்த மனநிலையில் இதை எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த 50 லட்சம் கடனை வாங்காதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. ஆண்டுக்கு 15 லட்சம் என்றால் நான்கரை ஆண்டுக்கு 67 லட்சத்து 50 ஆயிரம். ஐந்தாம் ஆண்டுக்கும் முழுக் கட்டணம் கேட்டால் 75 லட்சம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கு 2 லட்சம் வைத்தாலும் ஐந்தரை ஆண்டுக்கு 11 லட்சம். புத்தகம், தேர்வுக் கட்டணம், ஊருக்கு வந்துபோகும் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை. உங்கள் சேமிப்பும் நகையும் சேர்ந்து 32 லட்சம். மீதிக்குத்தான் கடன்.

இப்போது அந்தக் கடனைப் பாருங்கள். ஆண்டுக்கு 10 லட்சமாக ஐந்து தவணையில் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கடனாக வாங்கினால், படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி விட்டுவைக்கும். ஆனால் வட்டி முதல் தவணைப் பணம் கைமாறிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். தனிவட்டியாகப் போட்டால்கூட, ஆறரை ஆண்டு முடியும்போது வட்டி மட்டும் இருபத்திரண்டரை லட்சம். 50 லட்சம் கடன் எழுபத்திரண்டரை லட்சமாக நிற்கும். அதை 15 ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 78 ஆயிரம் ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 40 லட்சம் போயிருக்கும்.

படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடலாமே என்று உங்கள் அண்ணன் சொல்லக்கூடும். முதல் ஆண்டு வட்டி 1 லட்சம், இரண்டாம் ஆண்டு 2 லட்சம், மூன்றாம் ஆண்டு 3 லட்சம், நான்காம் ஆண்டு 4 லட்சம். உங்கள் கணவரின் ஓராண்டுச் சம்பளம் 3 லட்சத்து 36 ஆயிரம். நான்காம் ஆண்டில் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் வட்டிக்குப் பற்றாது. அவர் ஓய்வு பெறுவதும் அதே ஆண்டில். வாய் திறக்காமல் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்கை அவர் மனத்துக்குள் என்றோ போட்டுப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மகளின் ஆசைக்குக் குறுக்கே நிற்கும் தகப்பன் என்று பெயர் வாங்க அஞ்சிப் பேசாமல் இருக்கிறார். அவரிடம் இன்று இரவே பேசுங்கள்.

இரண்டே வருடத்தில் அடைத்துவிடலாம் என்ற பேச்சு நம் ஊர்களில் முப்பது ஆண்டுகளாக உலவுகிறது. அது முன்பு ஓரளவு உண்மையாக இருந்திருக்கலாம். இன்று எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவருக்குச் சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலை பெரும்பாலும் 35, 40 ஆயிரத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணிக்குப் போனால் அடிப்படைச் சம்பளம் 56,100, படிகள் தனி. நல்ல சம்பளம்தான், ஆனால் அந்தத் தேர்வில் போட்டி கடுமை. அதோடு, இன்று எம்.பி.பி.எஸ். படிக்கிற எந்தப் பிள்ளையும் அதோடு நிறுத்திக்கொள்ள நினைப்பதில்லை. எம்.டி., எம்.எஸ். என்று இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அதற்கான நீட் தேர்வுக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்க வேண்டிய வயது இருபத்து நான்கு. உங்கள் மகளுக்கு அந்த வயதில்தான் 78 ஆயிரம் ரூபாய்த் தவணை தொடங்கும்.

சென்ற ஆண்டு என் தாயாரை ஒரு சிறிய மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தோம். இரவில் வருகிற டியூட்டி டாக்டருக்கு இருபத்தாறு வயதிருக்கும். தங்கமான பையன். அதிகாலை 2 மணிக்கு வந்து சலைன் சொட்டுகிறதா என்று பார்ப்பார், அம்மாவின் போர்வையைக் காலடியில் இழுத்துச் செருகிவிட்டுப் போவார். செவிலியர் மேசையின் ஓரத்தில் அவருடைய மேற்படிப்புத் தேர்வுப் புத்தகம் இருக்கும். நடுவே அடையாளத்துக்கு ஒரு மருந்துச் சீட்டு. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். பன்னிரண்டு நாளும் அந்தச் சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் கேட்டேன். பகலில் வேறொரு மருத்துவமனையில் வேலை, இரவில் இங்கே, அப்பா வாங்கிய கடனுக்கு ஐந்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார். எப்போது படிப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமல் விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் பையன் முகம்தான் கண்முன் நிற்கிறது.

கடன் தலைக்குமேல் இருந்தால் உங்கள் மகள் எங்கே வேலை செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும், மேற்படிப்புக்குப் போகலாமா, ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநிறைவோடு இருக்கலாமா என்பதையெல்லாம் அந்தத் தவணைதான் முடிவு செய்யும். ஏழாண்டுக்குப் பிறகு அவள் எப்படிப்பட்ட டாக்டராக இருக்கப்போகிறாள் என்பதே இதில் அடங்கியிருக்கிறது. தம்பியையும் மறக்க வேண்டாம். அவன் கல்லூரிக்குப் போகும்போது அவள் நான்காம் ஆண்டை முடிக்கும் நிலையில் இருப்பாள். வீட்டில் அவனுக்கென்று அடகு வைக்க ஒரு குன்றிமணிப் பொன்கூட இருக்காது.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அந்த முகவர் சொன்ன 30 லட்சத்தில் எது எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கில வழியில் நடக்க வேண்டும், அதே கல்லூரியில் மேலும் 12 மாதம் பயிற்சி முடிக்க வேண்டும், அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் தகுதியும் கிடைக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இங்கே செல்லாது. திரும்பி வந்ததும் தகுதித் தேர்வு: 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. அண்மை ஆண்டுகளில் எழுதியவர்களில் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவாகத்தான் தேறியிருக்கிறார்கள். தேறிய பின் இங்கேயும் ஓராண்டுப் பயிற்சி. 2022-இல் போர் மூண்டபோது உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு திரும்பி வந்த பிள்ளைகளின் தவிப்பையும் நாம் பார்த்தோம். வெளிநாட்டில் படித்துச் சிறந்த மருத்துவராக இருப்பவர்களை நான் அறிவேன். உங்கள் மகள் அப்படிப் போவதானால், விதிகளை முகவர் வாயால் கேட்காமல் ஆணையத்தின் தளத்தில் தானே படித்துவிட்டுப் போகட்டும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்லாத தனியார் மருத்துவக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அதே கட்டடம், அதே ஆசிரியர்கள், அதே பட்டம். அந்த இடங்களுக்குக் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம் அண்மை ஆண்டுகளில் நாலரை லட்சத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. நான்கரை ஆண்டுக்கு 20 லட்சம் சொச்சம். விடுதியையும் சேர்த்தால் 31 லட்சம். உங்கள் கையிருப்பு 32 லட்சம் என்பதைக் கவனியுங்கள். ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் பொதுவாகத் தேவைப்படாது. அந்த அளவுக்குக் கடன் வாங்கிக்கொண்டால் நகையிலும் பாதி மிஞ்சும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும். அரசுக் கல்லூரியே கிடைத்துவிட்டால் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். 2022-இல் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று உங்கள் பக்கத்து மாவட்டமான விருதுநகரிலேயே இருக்கிறது.

ஆகவே இந்த ஆண்டுக் கலந்தாய்வில் கடைசிச் சுற்று வரை பெயரை எடுக்காதீர்கள். பிந்தைய சுற்றுகளில் மதிப்பெண் இறங்குவது உண்டு. இடம் கிடைத்துச் சேராவிட்டால் என்ன அபராதம் என்பதையும் விளக்கக் குறிப்பேட்டில் முன்கூட்டியே படித்துவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. தனியாகப் பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவர் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இம்முறை கிடைக்காவிட்டால், ஓராண்டு மறுபடி எழுதட்டும். முதல் முயற்சியிலேயே உயிரியலில் நன்றாக வாங்கிய பெண், இயற்பியல் ஒன்றைச் சரிசெய்தால் மேலே வர இடமிருக்கிறது. பயிற்சி மையத்துக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் ஆகும். வட்டிக் கணக்கோடு வைத்துப் பாருங்கள், அது என்ன பணம்? ஆனால் அந்த ஓராண்டை அவளே விரும்பி ஏற்க வேண்டும். இந்தத் தேர்வின் பெயரால் நம் மாநிலம் இழந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் கெடுகிறது. அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, பேச்சுக் குறைகிறதா என்று மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் பாருங்கள். சோர்ந்து தெரிந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம். கட்டணம் இல்லை.

வேறொரு கதவையும் இப்போதே தட்டி வையுங்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். ஆகியவற்றுக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண் போதும். நெல்லை இராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். ஒருநாள் அவளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறீர்கள். முடியாது என்ற சொல்லையே நீங்கள் எடுக்க வேண்டியதில்லை. அந்த நாள்காட்டித் தாளின் படியை எடுத்துக்கொண்டு, அசலை இந்த வாரத் தபாலில் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். நான் போட்ட வட்டிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி அதோடு வைத்து அனுப்புகிறேன். கணவரையும் உட்காரவைத்து, இரண்டையும் அவள் கையில் கொடுத்து, அவளையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் வீட்டுக் கணக்கு புரியும். பார்த்த பிறகு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். இயற்பியலில் எந்தப் பகுதி அவளுக்கு இடறுகிறது என்பதையும் சேர்த்து அவளையே எழுதச் சொல்லுங்கள். நான் மதித்துக் கேட்கிற இயற்பியல் ஆசிரியர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதில் அனுப்புகிறேன்.