கிரைண்டர் பிடிக்கும் கை இரவில் மரத்துப்போகிறது, ஆனால் விரல் வெளுக்கவில்லை. இது வேலையால் வந்ததா?

ஏழு வருட ஃபெட்லிங் (வார்த்த இரும்பின் பிசிறை கிரைண்டரால் தேய்த்து எடுக்கும் வேலை) என்கிறீர்கள். அப்படியானால் வேலையால் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. “விரல் வெளுத்தால்தான் அதிர்வு நோய், உனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே (அதிரும் மெஷினை வருடக்கணக்கில் பிடிப்பதால் கையின் நரம்பும் ரத்தக் குழாயும் கெடுவதுதான் அதிர்வு நோய்), அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. நான் டாக்டர் இல்லை, பவுண்டரியில் பாதுகாப்பு வேலை பார்ப்பவன். மருந்து எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

விரல் வெளுப்பைக் கிளப்புவது பெரும்பாலும் குளிர். 1918-இல் அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்தது அமெரிக்காவின் இண்டியானாவில், பெட்ஃபோர்டு ஊர்க் கல் செதுக்குபவர்களிடம். அவர்களுக்குக் குளிர்ந்த காலையில்தான் விரல் செத்ததுபோல் வெளுத்தது. கோவை வெயிலில், உலைச் சூட்டில் நிற்பவருக்கு வெளுப்பு கண்ணில் படாமலே போகலாம். நரம்பு கெடுவதற்குக் குளிர் தேவையில்லை. நம் ஊரில் முதலில் தெரிவது மரப்பும் ஊசி குத்தலும்தான்.

வீட்டிலேயே பாருங்கள்: மெஷினை வைத்து 20 நிமிடம் கழித்தும் குறுகுறுப்பு நிற்கிறதா? சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து சின்ன வாஷரைப் பொறுக்க முடிகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் மரத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவும் இந்த வேலையோடு சேர்ந்து வருவதுதான். சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பரிசோதியுங்கள். நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை கேளுங்கள். பி12 ஊசி போட்டு மட்டும் அனுப்பினால் விடாதீர்கள். ஆரம்பத்திலேயே வேலையை மாற்றினால் வெளுப்பு குறையக்கூடும். செத்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை.

அடுத்தது, ஒரு நாளில் கை எவ்வளவு அதிர்வு வாங்குகிறது என்ற கணக்கு. மெஷின் கையேட்டில் அதிர்வு அளவு ஒன்றும், ‘கே’ என்று பிழை அளவு ஒன்றும் இருக்கும். இரண்டையும் கூட்டுங்கள். 5.5-உம் 1.5-உம் என்றால் 7. அந்த 7-ஐ 7-ஆல் பெருக்கி இரட்டிப்பாக்கினால் 98. ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு புள்ளி. ஐரோப்பிய விதியை இந்தப் புள்ளியில் சொன்னால், ஒரு நாளில் 100 புள்ளியைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 400-ஐத் தாண்டவே கூடாது. அதாவது இந்த மெஷினை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினாலே எச்சரிக்கை, நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லை. ஷிப்ட் நேரத்தை எடுக்காதீர்கள், சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். இன்னொன்று, கையேட்டு எண் புது மெஷினுக்கானது. தேய்ந்த மெஷின் அதைத் தாண்டும்.

தாண்டுவது எதனால்? பிளக்கைக் கழற்றிவிட்டு வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. வீலை இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் தட்டில் பர் (உலோகப் பிசிறு), அழுக்கு இருந்தால் வீல் கோணலாக உட்காரும். சுற்றி நிற்பதற்குள் மெஷினைத் தரையில் வைத்தால் வீலின் ஓரம் தட்டையாகிவிடும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கையில் இடி. ஈரத்தில் கிடந்த வீலைப் போடாதீர்கள். வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதம் அடித்திருக்கும், பாருங்கள். புது வீலைச் சுமையில்லாமல் அரை நிமிடம் ஓட்டி, அதிர்ந்தால் கழற்றிவிடுங்கள். பக்கக் கைப்பிடி இல்லாமல் ஓட்டவே வேண்டாம். இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் கைக்குள் அதிர்வு கூடும். காஸ்டிங்கை (தேய்க்கும் வார்ப்பை) இடுப்பு உயரத்தில் கிளாம்ப் செய்தால் பிடியைத் தளர்த்தலாம்.

அதிர்வு தாங்கும் கையுறையை நம்பாதீர்கள். கிரைண்டரின் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது அதிகம் தடுப்பதில்லை. கை சூடாக இருக்க, வெட்டுப்படாமல் இருக்கப் போடுங்கள், அவ்வளவுதான். கையுறை வாங்கக் காசு இருக்கும், பேரிங் மாற்றக் காசு இருக்காது! ஒரு வீலுக்கு இரண்டு ரூபாய் குறைத்ததைச் சாதனையாகக் காட்டும் பர்ச்சேஸ் துறைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து ஒரு நாள் அந்த வீலை நீங்களே பிடித்துப் பாருங்கள்.

இஎஸ்ஐ-க்குப் போனால் “கை மரப்பு” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மெஷின், தினம் எத்தனை மணி நேரம், எத்தனை வருடம் என்று ஓபி சீட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.