ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்பது சரியா?

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுப் பாட்டிமாரும் இதையே சொல்வார்கள்; கருவில் உறுப்புகள் வளரும் வரிசையைப் பார்த்தால் அது தவறு. கருவுற்ற 22ஆம் நாள் அளவில் வெறும் குழாயாகவே துடிக்கத் தொடங்கும் இதயம், பின் மடிந்து, 8ஆம் வாரத்திற்குள் நான்கு அறைகளாகிறது. குடலோ வயிற்றில் இடம் போதாமல் சில வாரங்கள் தொப்புள்கொடிக்குள் தங்கி வளர்ந்து, பிறகே உள்ளே திரும்புகிறது (இன்றும் எனக்கு வியப்பளிக்கும் செய்தி இது).

தாமதமாக முதிர்வது நுரையீரல்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல் நுண்ணறைகளின் சுவர்கள் ஒட்டிவிடாமல் காக்கும் கொழுப்புப் பொருள், கர்ப்பத்தின் 24ஆம் வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கினாலும், போதிய அளவை எட்டுவது ஏறத்தாழ 34, 35ஆம் வாரங்களில்தான். ஆகவே ஏழாம் மாதக் குழந்தையைவிட எட்டாம் மாதக் குழந்தைக்கே மூச்சு எளிது. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதும் இந்த நுரையீரலை விரைந்து முதிரச் செய்வதற்கே.