இலக்கணத்துக்கு எந்த ஊரில் தலைமையகம்?

கேள்வி: பள்ளி அறிவிப்பொன்றில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று இருந்ததைத் தவறு என்றேன். ‘எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தவறென்று சொல்ல நீங்கள் யார்?’ என்கிறார் ஆங்கில ஆசிரியரான என் மைத்துனர். இதை முடிவு செய்யும் அமைப்பு லண்டனில் எங்கே இருக்கிறது? முகவரி தந்தால் எழுதிக் கேட்க முயற்ச்சி செய்வேன்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: தபால் செலவு வேண்டாம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பதா, தள்ளிப்போடுவதா என்று அறிவிக்க அரசு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அப்படி மதகைத் திறந்து மூடும் அதிகாரி எவரும் இல்லை. பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஒரு கழகம் உண்டு. ஆங்கிலத்துக்கும் ஒன்று வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் எழுதினார், எவரும் அமைக்கவில்லை.

காலியாக இருந்த அந்த நாற்காலியில் இலக்கண நூலாசிரியர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ‘டு’, ‘வித்’ போன்ற சொற்களில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று நம் வாத்தியார்கள் மிரட்டினார்கள் அல்லவா? 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் அதைத் தடை செய்யவே இல்லை. பேச்சுக்கு அது பொருந்தும், உயர்நடைக்கு அச்சொல்லை முன்னால் கொண்டுவருவது அழகு என்றுதான் சொன்னார், அதையும் ‘டு’வில் முடிந்த ஒரு தொடரைக் கொண்டே தொடங்கினார். பின்வந்தவர்கள் அவருடைய விருப்பத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள்.

ஆனால், அதிகாரி இல்லை என்பதால் உங்கள் மைத்துனர் ஜெயித்துவிடவில்லை. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது; ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் ‘அபௌட்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. அதையே ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் அதே ‘அபௌட்’ சரியாகிவிடும். ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்’ என்று ஒருமையில் எழுதும் இன்னொரு தவறுக்கோ தமிழைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று நாமே பன்மையில்தான் சொல்கிறோம்.

கவனமாக எழுதுகிறவர்களின் தொடர்ந்த வழக்கமே இங்கே தீர்ப்பு. அவர்கள் லண்டன்காரர்களாக இருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து வலங்கைமானில் 1869இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் இருந்த சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களே மெச்சினார்கள். ஒன்றைக் குறித்த நேரத்துக்கு முன்னதாக மாற்றுவதற்கு நம்மவர்கள் புழங்கிய ‘ப்ரீபோன்’, இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியிருக்கிறது. அகராதி அதற்கு அனுமதி தரவில்லை, நடந்ததைப் பதிவு செய்தது. ஒருவரையே ‘நீங்கள்’ என்று பன்மையில் அழைக்க நமக்கு எவரும் உத்தரவிடவில்லை. பன்மையாக இருந்த ‘யூ’ வந்து, ஒருமைக்குரிய ‘தௌ’வை ஆங்கிலத்தில் ஓரங்கட்டியதும் உத்தரவின்றித்தான். ‘டிஸ்கஸ் அபௌட்’டும் ஒருநாள் அப்படி நிலைபெறலாம். இன்றைக்கு ஒரு தேர்விலோ விண்ணப்பத்திலோ எழுதினால் மதிப்பெண் போகும் என்பதை மைத்துனரிடம் சொல்லுங்கள்.

கடிதத்தை உள்ளபடியே அச்சிட்டிருக்கிறோம். ‘முயற்ச்சி’யில் ஒரு ‘ச்’ அதிகம். றகர ஒற்றுக்குப் பின் இன்னொரு ஒற்றைத் தமிழ் ஏற்பதில்லை. இதைச் சொல்வதற்கு நான் எந்த முகவரிக்கும் எழுதிக் கேட்கவில்லை.