வோங் கோ கற்கும் மருமகள்

அன்புள்ள ஐயா,

என் மகன் சான் ஹோசேயில் இருக்கிறான். மருமகள் வியட்நாமியப் பெண். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் கலிபோர்னியாவில். தாய்மொழி அரைகுறைதான். திடீரென்று ஒரு பெரியவரிடம் காய் லுவோங் பாட்டு கற்றுக்கொள்ளக் கிளம்பியிருக்கிறாள். அவர்களுடைய இசை நாடகமாம். பேசவே தடுமாறும் மொழியில் பழைய நாடகப் பாட்டைப் பாடினால் வேர் கிடைத்துவிடுமா? எனக்கு இது மாறுவேடப் போட்டி மாதிரிதான் தெரிகிறது.

– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மாறுவேடம் என்று நீங்கள் சொல்வது ஜிகினா உடுப்பு போட்டு மேடையில் நிற்பதை என்றால், எனக்கும் அதில் பெரிய ஆர்வம் இல்லை. பாட்டுப் பயிற்சி வேறு சமாச்சாரம்.

வியட்நாமிய மொழியில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தொனி உண்டு. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, நெளிகிறதா என்பதில் பொருளே மாறிவிடும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் நாக்கு அதிகம் தடுமாறுவது அங்கேதான். காய் லுவோங்கின் உயிர்நாடி வோங் கோ என்கிற பாட்டு வகை. அதில் மெட்டு முழுசாகக் கட்டிவைக்கப்படுவதில்லை. தாளத்தின் எந்தத் தட்டில் எந்தச் சுரத்துக்கு வந்து சேரவேண்டும் என்பது மட்டும்தான் தீர்மானம். நடுவில் உள்ள வழியைச் சொற்களின் தொனிதான் போடுகிறது. ஏற வேண்டிய சொல்லை இறக்கிப் பாடினால் பொருளும் போச்சு, பாட்டும் போச்சு. ஆக, உங்கள் மருமகள் செய்துகொண்டிருப்பது பாட்டு என்ற பெயரில் கடுமையான பேச்சுப் பயிற்சி.

அப்புறம், நீங்கள் நினைக்கிற அளவுக்கு இது பழையதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில், வீட்டுத் திண்ணைக் கச்சேரிகளிலிருந்து மேடையேறிய கலை. 1919 வாக்கில் பாக் லியு ஊர்க்காரர் காவ் வான் லாவ் ஒரு பாட்டுக் கட்டினார். இரவில் முரசொலி கேட்டுக் கணவனை நினைத்து ஏங்கும் மனைவியின் பாட்டு. அன்று அதில் வரிக்கு 2 தட்டு. பின்னால் வந்தவர்கள் அதை 4, 8, 16 என்று இழுத்து 32 வரை கொண்டுபோனார்கள். அதுதான் வோங் கோ. வெள்ளைக்காரர்களின் கிதாரையும் விடவில்லை. அதன் கழுத்தில் உள்ள மெட்டுக்கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகக் குடைந்து, தந்தியை ஆழமாக அழுத்திக் கமகம் பிடிக்க வசதி செய்துகொண்டார்கள். இப்படி வந்ததையெல்லாம் தனதாக்கிக்கொண்ட கலைக்குள் கலிபோர்னியாப் பெண் நுழைவதில் என்ன முறைகேடு?

ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: சம்பந்தி வீட்டுக்குப் பூர்வீகம் எது? காய் லுவோங் தெற்கத்திக்காரர்களுடையது, தெற்கத்திப் பேச்சில் பாடுவது. வடக்கே செவ்வாற்றுக் கிராமங்களின் நாடகம் சேவ் என்பது. 1954இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். 1975இல் போர் முடிந்த பிறகு அவர்களில் பலர் அமெரிக்கா போனார்கள். அப்படிப்பட்ட குடும்பம் என்றால், பாட்டியின் பேச்சு ஒன்று, பாட்டின் பேச்சு இன்னொன்று. தெற்கின் தலைநகராக இருந்த சைகோனில் வளர்ந்தவர்களுக்கு இரண்டும் பழக்கம்தான். ஆனாலும் தெரிந்து பாடுவது நல்லது.

நீங்களும் கொஞ்சம் கேளுங்கள். வியென் சாவ் எழுதி உத் திரா ஓன் பாடிய பாய் வியாபாரியின் பாட்டிலிருந்து தொடங்கலாம். தென்கோடியில் உள்ள கா மாவ் என்ற ஊரிலிருந்து படகில் பாய் விற்க வருகிறவன். ஒரு பெண் சொல்லிவைத்த பாயோடு திரும்பி வருகிறான், அவளோ கல்யாணமாகிப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை. பாடகர் தொடக்கத்தில் தாளமில்லாமல் இழுத்துக்கொண்டே வந்து, முதல் வரியில் ‘ஹோ’ என்கிற ஆதார சுரத்தில் இறங்குவார். நேரில் என்றால் அந்த இடத்தில் கூட்டம் கைதட்டும். மருமகள் வீடியோ காலில் பாடிக்காட்டினால் நீங்களும் சரியாக அங்கே தட்டிவிடுங்கள். மாமனார் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்ளட்டும்.