ஆங்கிலேயர் கால அடக்குமுறைச் சட்டங்களில் மிக மோசமானது எது?

பலரும் ரௌலட் சட்டத்தைத்தான் சொல்வார்கள். அப்பீலுக்கே இடமில்லாத அந்தச் சட்டம் 1919-இல் நாட்டையே கொதிக்க வைத்தது, சரி. நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைத் தமிழன். எனக்கு 1854-இல் மலபாருக்கென்றே கொண்டுவந்த மாப்பிள்ளை சட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். மாப்பிள்ளை என்றால் இங்கே மலபார் முஸ்லிம்.

ஜன்மிகளை, அதாவது நிலச்சுவான்தார்களை, எதிர்த்துக் கிளம்பிய குடியானவன் சண்டையில் செத்தாலும் அவன் சொத்து பறிமுதல். கலகம் நடந்த அம்சத்தில் (அன்றைய மலபாரில் வருவாய்க் கிராமத்துக்கு அதுதான் பெயர்) இருந்த மற்ற மாப்பிள்ளைகள் தலையிலும் அபராதம். சந்தேகம் வந்தாலே போதும், விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம், நாடு கடத்தலாம். ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுக்காரன் காசு கட்ட வேண்டும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வ.உ.சி. வழக்கிலும் இதே புத்திதான். 1908-இல் 124ஏ, ராஜதுரோகம். அவர் பேசியதற்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20. வீட்டில் தங்க வைத்துச் சோறு போட்டதும் அந்த உடந்தையில் சேர்த்தி. பேசிய சிவாவுக்கே 10 ஆண்டுதான்! அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் செக்கிழுத்து, அப்புறம் கண்ணூர் சிறையிலும் கிடந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வருவதற்குள் சுதேசிக் கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே.

நாங்கள் கோவைக்குப் போகிற ரயில் பாதையிலும் ஒரு கொடுமை நடந்திருக்கிறது. 1921 நவம்பரில், மலபாரில் ராணுவச் சட்டம் இருந்தபோது, திரூரில் மாப்பிள்ளைக் கலகத்தில் பிடிபட்ட ஏறத்தாழ 100 கைதிகளை ஒரே மூடிய சரக்குப் பெட்டியில் திணித்து ஒலவக்கோடு வழியாக அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பாதிக்கு மேல் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார்கள். கடைசிக் கணக்கில் சாவு 70 வரை போனது.

இதெல்லாம் பழைய கதை, 124ஏ-தான் போய்விட்டதே என்று யாராவது சொன்னால் முழுக்க நம்பாதீர்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டமே போனது, உண்மை. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தின் 152-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். ஆயுள் தண்டனை அதிலும் இருக்கிறது.