ஐந்து வருடக் கணக்கு கேட்ட தம்பிக்கு

தம்பி, குவைத் வந்து நாலு மாசம் ஆகிறது, அஞ்சு வருடத்தில் கடனை அடைத்து, நம்ம கருங்கல் ஊரில் ஒரு வீட்டையும் கட்டிவிட்டு ஊரோடு போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். நானும் ரெண்டே வருடம் என்று சொல்லித்தான் 2003-இல் வந்தேன். இப்பவும் இதே குவைத்தில் மங்காஃபில்தான் கிடக்கிறேன், அதனால் கணக்குப் போடுவதில் என்னை நம்பாதே.

எங்கள் மாமாவும் இதே குவைத்தில், சால்மியாவில் இருந்தவர். 1990 ஆகஸ்ட் 2, ஒரு வியாழக்கிழமை, விடியும்போது ஈராக் படை உள்ளே வந்துவிட்டது. முந்தின நாள்தான் அத்தைக்கு என்று தையல் மெஷின் வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாராம். பாக்தாத் வழியாக ஜோர்டானின் அம்மான் போய், கூடாரத்தில் நாள் கணக்காகக் கிடந்து, ஏர் இந்தியா விமானத்தில் பம்பாயில் வந்து இறங்கினார். சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள் அப்போது அப்படி வந்து சேர்ந்தார்கள். மாமா கையில் ஒரு துணிப்பையும் ஃப்ளாட் சாவியும். ஆமாம், பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்! அந்தச் சாவி இன்னமும் தக்கலை வீட்டில் காலண்டர் ஆணியில் துருப்பிடித்துத் தொங்குகிறது. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தவருக்குச் சில வருடம் கழித்து ஐநா இழப்பீட்டுப் பணம் வந்தது, கிணற்றங்கரைப் பக்கம் பத்து சென்ட் வாங்கிப் போட்டார். அதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிசில்லை. 2020-இல் ஒரு மாச லீவுக்கு ஊருக்குப் போய் கொரோனாவில் மாட்டிக்கொண்டேன், இந்தியாவிலிருந்து நேராக விடாததால் வருடக் கடைசியில் துபாயில் 14 நாள் தங்கித்தான் திரும்ப நுழைய முடிந்தது.

அதற்காகக் கணக்கே போடாதே என்று சொல்ல மாட்டேன். அப்பா குலசேகரத்தில் ரப்பர் வைத்தவர். கன்று நட்டால் பால் வெட்ட ஏழு வருடம், அன்றைக்கு என்ன விலை என்று எந்தக் கொம்பனுக்குத் தெரியும்? 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது, 2016-இல் 100-க்குக் கீழே வந்தது. ஆனாலும் நடுவார், முதல் மூணு வருடம் இடையில் வாழையும் அன்னாசியும் போட்டுவிடுவார், வீட்டுச் செலவு அதில் ஓடிவிடும். உன் அஞ்சு வருடத்துக்கு இடையில் வாழை எது?

சம்பளம் கூடும் என்று நம்பி வீட்டுக்கடன் எடுக்காதே. முதலில் ஆறு மாச வீட்டுச் செலவை ஊர் அக்கவுண்டில் தனியாகப் போடு, அஸ்திவாரம் அப்புறம். இன்னொன்று, இங்கே தனியார் வேலையில் மூணு வருடத்துக்கு முன்னால் நீயாக ராஜினாமா செய்தால் பணிக்கொடை ஒரு தினார்கூடக் கிடையாது, அஞ்சு வருடம் ஆவதற்குள் என்றால் பாதிதான். கோபத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே.

சிவில் ஐடி (இங்கத்து அடையாள அட்டை), பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் மூன்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பி வை. வாடகை ஒப்பந்தம் உன் பேரில் இருந்தால் அதையும்.