ஊரடங்கு போட்டால் வீட்டையும் ஒழுங்கையையும் எப்படிப் பார்த்துக்கொள்வது? கேள்வி பதில்

கொழும்பில் பல வருடமாக முதலுதவி பழக்கி வருகிறேன். 2022 இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் கண்ணீர்ப்புகை பட்டவர்களுக்கும் உதவியிருக்கிறேன். நாடு மறுபடியும் குழம்பினால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றொன்றாகப் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் இருந்து: அண்ணா, அம்மா இன்சுலின் போடுகிறா. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது தவித்துப்போனோம். மருந்தை எப்படி வைப்பது?

பயப்படாதீர்கள் தங்கச்சி. பெரும்பாலான இன்சுலின் வகைகளைத் திறந்த பிறகு, 30 பாகைக்கு மேல் சூடு ஏறாத இடத்தில் சுமார் 4 கிழமை வெளியிலேயே வைக்கலாம். அம்மா போடுகிற வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் துண்டில் பாருங்கள். கொழும்பு வெக்கைக்கு மண்சட்டி நல்லது. பெரிய சட்டிக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்ன முட்டியை வையுங்கள். குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி முட்டிக்குள் இறக்கி, ஈரத் துணியால் மூடி, காற்றுப் படும் நிழலில் வையுங்கள். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். திறக்காத குப்பிகள் பிரிட்ஜில் இருக்கட்டும். கரண்ட் போனால் அதன் கதவைத் திறக்கவே வேண்டாம். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைக்கவும் கூடாது, உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்க முடியாது.

இன்னொன்று. ஊரடங்கு நாட்களில் சாமான் குறையும், சாப்பாட்டு நேரம் தவறும், ஊசி மட்டும் நேரத்துக்குப் போகும். அப்போதுதான் சீனி இறங்கி மயக்கம் வரும். அம்மாவின் கட்டில் பக்கத்தில் சீனி அல்லது குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

பல்கலைக்கழக மாணவர்: அண்ணா, கண்ணீர்ப்புகைக்குப் பற்பசை பூசினால் நல்லது என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி, பூசாதீர்கள். பற்பசை, எலுமிச்சை, வினாகிரி எல்லாம் கண்ணை இன்னும் எரிக்கும். பால் கிருமியற்றது இல்லை. சுத்தமான தண்ணீர் போதும். முதல் வேலை அந்த இடத்தை விட்டு, காற்று வரும் திசையை நோக்கி நகர்வது. அந்தப் புகை காற்றை விடப் பாரம், பள்ளத்தில் தேங்கும், ஆகவே மேடான பக்கம் போங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். தலையைச் சரித்து, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கமாக 10, 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு போவதே நல்லது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் குளியுங்கள். இல்லாவிட்டால் உடுப்பில் இருக்கும் தூள் வீட்டுக் குழந்தைக்கும் எரிக்கும். விழுந்த குண்டைக் கையால் தொடாதீர்கள், கொதிக்கும். ஆஸ்மா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்காமல் எடுத்துப் போங்கள். மூச்சு இழுத்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

வத்தளையில் இருந்து: வரிசைக்குப் பயந்து பெற்றோலைக் கானில் எடுத்து வைக்கலாமா?

வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம் ஐயா. அதுவும் மண்ணெண்ணெய் அடுப்பு எரிகிற குசினிப் பக்கம் நினைத்தும் பார்க்காதீர்கள்.

கல்முனையில் இருந்து: வட்ஸ்அப்பில் வருவதை எப்படி நம்புவது? அனுப்பாமல் விட்டால் ஆட்களை எச்சரிக்காமல் விட்டது போலிருக்கிறது.

உங்கள் தவிப்பு விளங்குகிறது அக்கா. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது உங்கள் பக்கத்து ஊர்க் கதைதானே. முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலையும் சேதமாக்கினார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் பார்த்தால் அது வெறும் மாக்கட்டி. அதை அனுப்பிய பலரும் ஆட்களை எச்சரிக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான் பார்க்கிற விதம் இது: எந்த இடம், எத்தனை மணி, யார் கண்ணால் கண்டது? இந்த மூன்றும் இல்லாத செய்தி என்னோடு நின்றுவிடும். ஒரு இனத்தின் பெயரையோ சமயத்தின் பெயரையோ சொல்லி 'அவர்கள் வருகிறார்கள்' என்று வந்தால், அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்கு முதலில் கோல் எடுப்பேன். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி சமூக வலைத்தளங்களை முடக்கியபோதும் சாதாரண கோலும் எஸ்எம்எஸ்ஸும் வேலை செய்தன. முக்கியமான பத்து நம்பரைக் கடதாசியில் எழுதி வையுங்கள். போன் செத்தால் அதற்குள் இருக்கும் நம்பரும் சேர்ந்து போய்விடும்.

தெகிவளையில் இருந்து: எங்கள் ஒழுங்கையில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் இருக்கிறோம். ஒரு குழு அமைக்கிறோம். வீட்டு இலக்கம், பெயர், சமயம், போன் நம்பர் போட்டு ஒரு பட்டியல் செய்து குரூப்பில் போடலாம் என்கிறார்கள். சரிதானே?

குழு மிகவும் நல்லது. அந்தப் பட்டியல் வேண்டாம் அண்ணா, தயவுசெய்து வேண்டாம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. தேர்தலுக்கென்று எழுதிய தாள் அது. நீங்கள் நல்ல மனதோடு எழுதுவதும் ஒரு நாள் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

உதவி செய்யச் சமயம் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர் இருக்கிறார், யாருக்கு மாதம் நெருங்கிவிட்டது, யார் தனிய இருக்கிறார், யாரிடம் கிணறு அல்லது காஸ் இருக்கிறது, இவ்வளவு போதும். அதையும் கொப்பியில் எழுதி இரண்டு பேர் மட்டும் வைத்திருங்கள், அந்த இரண்டு பேரும் வேறு வேறு சமூகத்தவராக இருக்கட்டும். 83 இல் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தப்பியது பக்கத்து வீட்டுச் சிங்களவரின் அறைக்குள் ஒளிந்துதான். அந்தப் பழக்கம் குழப்பம் வந்த பிறகு தொடங்காது. இப்போதே ஒரு ஞாயிறு எல்லாரும் சேர்ந்து ஒரு பானை கஞ்சி காய்ச்சுங்கள். காஸ் இல்லாத கிழமையில் விறகடுப்பில் எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்க அதுவே ஒத்திகை.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆர்ப்பாட்டத்தில் தம்பியைப் பிடித்துப்போனால் என்ன செய்வது?

எந்தப் பொலிஸ் நிலையம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வாகன இலக்கம், நேரம், இடம் மூன்றையும் உடனே எழுதுங்கள். ஏன் கைது என்று சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது, ஆகவே எந்தச் சட்டம் என்று அன்றே கேளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. சட்டத்தரணி ஒருவரின் நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள். அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் காலம்.

தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது. தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

நீர்கொழும்பில் இருந்து: ஊரடங்கு நேரத்தில் பிள்ளை வலி வந்தால்?

1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சொந்த வாகனத்தில் போனால் கிளினிக் கொப்பியைக் கையிலேயே வைத்திருங்கள், சோதனைச் சாவடியில் அதைத்தான் காட்ட வேண்டி வரும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து: அப்பா 83 ஐப் பார்த்தவர். 2022 மே 9 கலவர இரவு தொடங்கி, எங்கேயாவது வெடி கேட்டால் பையை அடுக்கிக்கொண்டு வாசலில் இருக்கிறார். நித்திரையும் இல்லை. எப்படித் தேற்றுவது?

'ஒன்றும் நடக்காது அப்பா' என்று மட்டும் சொல்லாதீர்கள் தங்கச்சி. அப்படிச் சொன்னதை நம்பி இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கண்டவர். பக்கத்தில் இருந்து பையை அவரோடு சேர்ந்து அடுக்குங்கள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு கிழமை மருந்து, கொஞ்சம் காசு. உறுதியைப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி, அனுப்பியதை அப்பாவுக்குக் காட்டுங்கள். பையை எங்கே வைப்பது என்று அவரே தீர்மானிக்கட்டும். இரவில் செய்தியை நிறுத்திவிடுங்கள். இரண்டு கிழமை கழித்தும் நித்திரை இல்லையென்றால் 1926 க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. அப்பா பேச மறுத்தால் நீங்கள் எடுத்துப் பேசுங்கள்.